ஊரார் கடுதாசி படித்தவர்

அந்த மனுஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் பேனாவில் சர்க்கரைப் பாகு ஊறிவிடுகிறது. எனக்கு அது வராது. திண்டுக்கல்லில் அவர் வீட்டு முன்னறையில் எஸ்.டி.டி. பூத் நடத்தினேன், அவர் சாகும்வரை எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் அவர் மேல் எரிச்சல் வராத நாள் ஒன்று உண்டென்றால், அவர் மகனைப் பார்க்கச் சென்னைக்குப் போயிருந்த நாளாகத்தான் இருக்கும்.

பேரைச் சொல்லப் போவதில்லை. அவருக்கே அது பிடிக்காது. ரேஷன் கடையில் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள் என்று வரிசையை விட்டு வெளியே வந்து, சர்க்கரையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்கு நடந்த ஆள். தெருவில் பெரியவர்கள் ‘தீவுக்காரர்’ என்பார்கள். பிள்ளைகளுக்கு ‘சி.ஐ.டி. தாத்தா’. நான் ‘ஐயா’ என்று கூப்பிட்டேன். அதற்கும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு யாராவது பக்கத்தில் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வார்.

பதில் என்றால் பதில் இல்லை. “சாப்டீங்களாங்கய்யா?” என்று கேட்பேன். “ஏன் கேக்குற?” என்பார். “இன்னைக்குத் தண்ணி வருமுங்களா?” “ஏன் கேக்குற?” பத்து நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வருகிற ஊரில் ஒரு பொம்பளை எதற்குக் கேட்பாள்? எரிச்சலாக வரும். ஆனால் அவர் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் நாம் உடனே பதில் சொல்ல வேண்டும். யார் வந்தது, எந்த ஊருக்குப் போன் போட்டது, கையில் என்ன வைத்திருந்தது, எந்தப் பக்கமாகத் திரும்பிப் போனது. சொல்லாவிட்டால் முகம் சுருங்கிவிடும்.

நான் தொப்பம்பட்டிப் பக்கத்துக் காட்டுக்காரி. புருஷன் லாரியில் அடிபட்டுப் போன பிறகு, விதவைகளுக்கென்று ஒதுக்குகிறதில் எனக்கு அந்தப் பூத் கிடைத்தது. தொண்ணூற்றிரண்டில் பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு திண்டுக்கல் வந்து, அந்த முன்னறையை வாடகைக்குப் பிடித்தேன். கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண் ஓடும் மீட்டர், பில் அடிக்கும் மிஷின், மூன்று பேர் உட்காரும் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சின் சுவரோரம் அவருடைய இடம். வாடகைக்கு விட்ட அறையில் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்கத் தைரியம் இல்லை. கையில் பேப்பரை விரித்துக்கொண்டு காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். பேப்பரைப் படிக்க மாட்டார். கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து கத்துகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தக் காலத்தில் எஸ்.டி.டி.யில் யாரும் மெதுவாகப் பேசியதில்லை. துபாய்க்குப் பேசினால் துபாய்க்கே கேட்க வேண்டும் என்பதுபோல்தான் பேசுவார்கள். ஆகவே ஊர் ரகசியம் அத்தனையும் அந்தப் பெஞ்சில்தான் வந்து விழுந்தது. அவர் ஒன்றையும் யாரிடமும் சொன்னதில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். வாங்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

என்னிடம் மட்டும் எப்போதாவது ஒன்று கழன்று விழும். ஒரு காலேஜ் பையன் தினமும் மத்தியானம் வந்து கம்பம் ஊரில் இருக்கும் அவன் அப்பாவிடம் பரீட்சை நன்றாக எழுதுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாலாம் நாள் அவன் போன பிறகு ஐயா பேப்பரை மடித்தார்.

“இவன் காலேஜுக்கே போகல.”

“எப்படிங்கய்யா சொல்றீங்க?”

“ஏன் கேக்குற?” என்றுவிட்டு, செத்த நேரம் கழித்து அவரே சொன்னார். “நாலு நாளா ஒரே பேனா, மூடி தொறக்கவே இல்ல, மை அதே கோட்டுல நிக்கிது. செருப்புல பாறைப் புழுதி. மலைக்கோட்டை மேல ஏறி உக்காந்துட்டு வாரான்.”

ஒரு மாசம் கழித்து அந்த அப்பா கம்பத்திலிருந்து வந்து, பூத் வாசலிலேயே பையனைப் போட்டு அடித்தார். இந்தக் கிழம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அன்றைக்கு என் மனதில் உட்கார்ந்தது. அதுதான் வினையாகப் போனது.

இன்னொரு தொல்லை துணிக் கொடி. மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு கொடி கட்டியிருந்தேன். நான் காயப் போட்டுவிட்டு வந்தால், சத்தமில்லாமல் போய் ஒரு துணியையாவது இடம் மாற்றிப் போட்டுவிடுவார். என் சேலை இருந்த இடத்தில் பாப்பாவின் பாவாடை இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். பொம்பளைத் துணியை எதற்காகத் தொடுகிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். முகம் சிவந்து போய்விட்டது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தீவைப் பற்றிச் சொன்னார்.

உலக யுத்தம் நடந்தபோது அவருக்கு இருபது வயசு. மிஷன் ஸ்கூலில் மெட்ரிக் படித்துவிட்டுப் பட்டாளத்தில் கிளார்க்காகச் சேர்ந்திருக்கிறார். கப்பலில் ஏற்றி, நடுக்கடலில் ஒரு தீவில் கொண்டுபோய் இறக்கினார்களாம். தென்னை மரம், வெள்ளை மணல், கடல். வேறு எதுவும் இல்லை. வெள்ளைக்காரன் அங்கே கப்பல்களை ஒளித்து வைத்து எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தான். அப்படி ஒரு இடம் இருப்பதே வெளியில் தெரியக்கூடாது. வேலைக்குக் கொண்டுவந்த கூலியாட்களில் பாதிப் பேர் தமிழ் ஆட்கள். அவர்கள் வீட்டுக்கு எழுதும் கடுதாசிகளைப் பிரித்துப் படித்து, ஊர் பேர் தெரிகிற இடத்தை பிளேடால் வெட்டி எடுக்கிறதுதான் இவருக்குக் கொடுத்த வேலை. எதிரிக்கு யாராவது துப்புக் கொடுக்கிறானா என்று பார்க்கிற கூடாரம். ஒரு வெள்ளைக்கார ஆபீசர், இவர், ஒரு மலையாளி. மூன்றே பேர்.

“அங்க ஒரு வண்ணான் இருந்தான்த்தா. சட்டை, துண்டு, சட்டை, துண்டுன்னு ஒழுங்கா காயப் போடுவான். ஆபீசருக்குச் சந்தேகம். இது கடலுக்கு அடியில நிக்கிற கப்பலுக்குச் சைகைன்னுட்டான். ஒரு மாசம் அந்த வண்ணான் பின்னாடியே அலைஞ்சேன். கடைசியில, அவன் போட்டதும் நான் போய் மாத்திப் போடணும்னு உத்தரவு. தெனமும் மாத்திப் போட்டேன். கை பழகிப் போச்சு.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார். அந்த எட்டு வருஷத்தில் அவர் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். “கப்பல் வந்துச்சுங்களா?” என்று கேட்டேன். “ஒரு மண்ணும் வரல. வெயிலும் காய்ச்சலும்தான் வந்துச்சு” என்றார். யுத்தம் முடிந்து ஊருக்கு வந்தபோது தபால் ஆபீசில் வேலை கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போயிருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

தொண்ணூற்றைந்தில் அந்தச் சிலோன் பெண் வர ஆரம்பித்தாள். பின் சந்தில் ஒரு அறை எடுத்து இருந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. கூட ஆறு வயசில் ஒரு பெண் குழந்தை. புருஷன் ஜெர்மனியில். செவ்வாய்க்கிழமைதோறும் பதினொரு மணிக்கு வந்து ஐ.எஸ்.டி. போடுவாள். சிலோன் பேச்சுப் பேசுகிறவர்களுக்கு வீடு கொடுக்கவே ஜனங்கள் பயந்த காலம் அது. எனக்கும் பயம்தான். ஆனால் அவள் வந்ததும் “சுகமா இருக்கிறீங்களோ அக்கா?” என்று கேட்பாள். வாரம் முழுக்க என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் அழுவாள். அப்புறம் மெதுவாகப் பேசுவாள். எல்லோரும் கத்துகிற இடத்தில் ஒருத்தி மட்டும் மெதுவாகப் பேசினால் காது தானாக அங்கேதான் போகிறது.

“இந்தக் கிழமை மூண்டு. ஒண்டு பெரிசு, ரெண்டு சின்னது. வியாழன் ஒண்டும் இல்லை. பெரிசு விடியக்காலமை வந்தது. ஓம், ஓம், எழுதித்தான் வைச்சிருக்கிறன்.”

அடுத்த வாரம், “அஞ்சு. எல்லாம் சின்னது.” அதற்கடுத்த வாரம், “ரெண்டு. ரெண்டும் பெரிசு. எனக்குப் பயமாக் கிடக்கு.” என்ன வந்தது என்று மட்டும் ஒருநாளும் சொல்ல மாட்டாள். குழந்தை பெஞ்சில் ஐயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மோவாயில் அடிபட்ட தழும்பு, நெற்றியில் ஒரு புது வீக்கம். இவள் பிள்ளையை அடிக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது செவ்வாயோ ஐந்தாவது செவ்வாயோ, அவள் போன பிறகு ஐயா பேப்பரை மடித்தார். கண்ணில் ஒரு பளபளப்பு. எழுபது வயசு ஆள் அன்றைக்கு ஐம்பது வயசு ஆள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“இது எண்ணிக்கைப் பேச்சுத்தா. பொருளை மறைச்சு எண்ணிக்கைய மட்டும் சொல்றா” என்றார்.

சொன்ன வாய் மூடவில்லை, முகம் வெளுத்துப் போனது. எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை மட்டும் பூத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? ஆபத்து என்று தெரிந்துதான் கிழவர் ஒதுங்கிக்கொண்டார், நான் மட்டும் மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று.

இரண்டு வாரம் கழித்து, சட்டை பேண்ட் போட்ட ஒரு ஆள் வந்தார். போலீஸ் என்று சொல்லி அட்டையைக் காட்டினார். வெளிநாட்டுக்குப் பேசுகிறவர்களைப் பற்றி எல்லா பூத்திலும் விசாரிப்பதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். குறை சொல்ல முடியாது.

“ஏம்மா, சிலோன்காரங்க யாராச்சும் வர்றாங்களா? என்ன பேசறாங்க? தெரிஞ்சே சொல்லாம விட்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பூத் உங்க பேர்லதான் இருக்கு.”

பூத் என் பேரில்தான் இருந்தது. அதைத் தவிர என் பேரில் வேறு எதுவும் கிடையாது. பாப்பாவுக்கு அந்த வருஷம்தான் கான்வென்டில் இடம் கிடைத்திருந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஒரு டீ ஆறுகிற நேரத்தில் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி, மூண்டு, ஒண்டு பெரிசு, ரெண்டு சின்னது. சொல்லும்போது என் குரலில் ஐயாவின் தோரணை வந்ததை நானே கவனித்தேன். “எண்ணிக்கைப் பேச்சுங்க” என்றேன்.

அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. அவளையும் குழந்தையையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதாகப் பூக்காரி சொன்னாள். வேறு மாவட்டத்தில், காவல் போட்ட ஒரு முகாமுக்கு.

புதன்கிழமை ஐயா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். “நேத்து அந்தச் சிலோன் பிள்ளை வரல போல” என்றார். நான் பில் மிஷினில் பேப்பர் ரோலை மாட்டிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே மாட்டியிருந்தது. கழற்றி மறுபடியும் மாட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஜீப்பு வந்துச்சாம்” என்றேன். ஊரில் எல்லோரையும் எல்லாவற்றையும் கேட்கிற மனுஷன், அன்றைக்கு என்னை ஒன்றுமே கேட்கவில்லை.

மத்தியானம் பூத்தில் ஆள் இல்லாத நேரம். பிரியாணிக் கடை வாசனை தெரு முழுக்க வந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

“அந்தத் தீவுல ஒரு சமையக்காரன் இருந்தான். நத்தம் பக்கம். பொண்டாட்டிக்கு மாசத்துக்கு ரெண்டு கடுதாசி எழுதுவான். நான்தான் படிப்பேன். கெழக்கால நாலு மரமும் காச்சிருச்சா, ஓடைகிட்ட ரெண்டு உலுக்காமயே நிக்கிதா, பெரிய மரத்துகிட்ட எவனையும் விடாத. இதான் எழுதுவான். இதையேதான் எழுதுவான். அந்த வாரம் துறைக்கு நாலு கப்பல் வந்து நிக்கிது. வெளியில ரெண்டு நிக்கிது. ஒரு பெரிய போர்க்கப்பல் தனியா நிக்கிது.”

“ஐயோ” என்றேன்.

“நான் டவுன் பயத்தா. எனக்குப் புளின்னா கடையில உருண்டையா இருக்கும், அம்புட்டுத்தான். மரத்தை உலுக்குவாங்க, எண்ணுவாங்க, பங்காளி திருடிருவான்னு காவல் இருப்பாங்கன்னு யாரு கண்டா? மரம்னா கப்பல்னு எழுதிக் கொடுத்துட்டேன். ஆபீசர் என் முதுகுல தட்டி ஒரு டின் பிஸ்கட் கொடுத்தான். தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

சமையல்காரனை விசாரணைக்கென்று கொழும்புக்குக் கப்பல் ஏற்றியிருக்கிறார்கள். கப்பல் போய்ச் சேரவில்லை. நடுக்கடலில் குண்டு பட்டு மூழ்கியதாம். ரகசியத் தீவு என்பதால் வீட்டுக்கு ஒரு வரிகூடப் போகவில்லை.

“ஒருவாட்டி அவன்கிட்டயே போய், ‘ஏண்ணே, இது என்ன மரம்’னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அவன் போட்ட சோத்தைத்தான் மூணு வேளையும் தின்னுக்கிட்டிருந்தேன். கேக்கல. கேட்டா உசாராயிருவான்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க.”

யுத்தம் முடிந்ததும் நத்தத்துக்குப் போயிருக்கிறார். விலாசம் மனப்பாடம். கிழக்கே நாலு மரம், ஓடை ஓரம் இரண்டு, நடுவில் ஒரு பெரிய மரம். எல்லாம் கடுதாசியில் இருந்தபடியே நின்றிருக்கிறது. அந்தப் பொம்பளை, யாரோ பட்டாளத்து ஆள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். கொடுத்துவிட்டு அழுதிருக்கிறாள். போன ஊரில் எவளையோ சேர்த்துக்கொண்டு தன்னை மறந்துவிட்டான், கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் சண்டை போட்டேன், என் வாய்தான் அவனை விரட்டிவிட்டது என்று சொல்லித் தன் வாயிலேயே அடித்துக்கொண்டிருக்கிறாள்.

“நீங்க சொல்லலீங்களா?”

“சொல்லல. தண்ணியக் குடிச்சிட்டு வந்துட்டேன்.”

“ஏனுங்கய்யா?”

“பயம்” என்றார். ஏன் என்று நான் கேட்டதற்கு அவர் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒருத்தர் மெட்ராசுக்குப் போன் போட வந்தார். நம்பரை வாங்கிச் சுற்றினேன். அவர் பேசி முடித்துப் போகும்போது ஐயா உள்ளே போயிருந்தார்.

மறுநாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிப் போனார். எங்கே என்று கேட்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான். அப்படி இரண்டு மாசம். போய் அங்கே பெஞ்சில் உட்காருவார். அந்தப் பெண் பேசியதைத் தானும் கேட்டதாகவும், யுத்தத்தில் இதே வேலை பார்த்தவன் என்றும், இதில் ஒன்றும் இல்லை என்றும் சொல்வார். “பெருசு, அப்ப அது என்னன்னு நீங்களே சொல்லுங்க” என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்களாம். அது என்னவென்று இவருக்கும் தெரியாது. முகாமுக்குப் போய்வரும் ஒரு கன்னியாஸ்திரியை மாதா கோயிலில் பிடித்து, அவர் மூலம் அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனார்.

பொழுது சாயும் முன்னே திரும்பி வந்தார். பூத் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

“வலிப்புத்தா. அந்தப் பிள்ளைக்கு வலிப்பு. வாரத்துல எத்தனை தரம் வந்துச்சு, பெரிசா சின்னதான்னு புருஷன்காரன் கேக்குறான். ஜெர்மனி டாக்டருகிட்டக் கேட்டு மாத்திரை அளவு சொல்றானாம். பொட்டப் பிள்ளைக்கு இது இருக்குன்னு நாலு பேர் காதுல விழுந்தா நாளைக்கு யாரு கட்டுவான்னு, பேரைச் சொல்லாம எண்ணிக்கைய மட்டும் சொல்லியிருக்கா.”

எங்கள் பக்கத்திலும் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். என் சித்தப்பா மகளுக்கு இருந்தது. ‘நேத்து வந்துச்சு’ என்பார்கள், ‘ரெண்டு வந்துச்சு’ என்பார்கள். கல்யாணம் முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவருக்காவது புளிய மரம் தெரியாது. எனக்கு இது தெரியும். குழந்தையின் மோவாய்த் தழும்பை வாராவாரம் பார்த்தவள் நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“மாத்திரை இருக்குங்களா அங்க?”

“தீந்து போச்சு. வந்து வந்து விழுது பிள்ளை.”

பூத்தைப் பூட்டாமல் மருந்துக் கடைக்கு ஓடினேன். அதற்குப் பிறகு வாராவாரம் நான் மாத்திரை வாங்கி வைப்பேன், சனிக்கிழமை அவர் கொண்டுபோவார். எனக்கும் அவருக்கும் இடையில் இருந்த பேச்சு அந்த மாத்திரை அட்டை ஒன்றுதான். “எப்படி இருக்காங்க?” என்று கேட்டால் “இருக்காக” என்பார். ஒரு தடவை சட்டை முன்பக்கம் முழுக்க மண்ணோடு வந்தார். “விழுந்துட்டீங்களாங்கய்யா?” என்றேன். “ஏன் கேக்குற?” என்று உள்ளே போய்விட்டார்.

கன்னியாஸ்திரி டாக்டர் சீட்டு வாங்கிக் கொடுத்து, இவர் அதைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக அலைந்து, ஆறேழு மாசம் கழித்து அவளைக் காவல் இல்லாத சாதாரண முகாமுக்கு மாற்றினார்கள். அங்கேயும் போனார், மூட்டு வலி வந்து நடக்க முடியாமல் ஆகும் வரைக்கும். பிறகு கன்னியாஸ்திரி கையில் கொடுத்து அனுப்பினோம்.

இரண்டாயிரத்தில் செத்துப்போனார். குளியலறையில் வழுக்கி விழுந்து, பதினைந்து நாள் படுக்கை. கடைசி வரைக்கும் என்னைக் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பதினைந்து நாளில் வாய் திறக்க எத்தனையோ மத்தியானங்கள் கிடைத்தன. கஞ்சியை ஊட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

இரண்டாயிரத்து மூன்றில் பூத் காற்று வாங்கியது. எல்லோர் கையிலும் செல்போன் வந்துகொண்டிருந்தது. நான் ரீசார்ஜ் கார்டு விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பதினொரு மணி வாக்கில் படியில் ஒரு பெண் ஏறினாள். தலை நரைத்திருந்தது. பின்னால் தாவணி போட்ட ஒரு நெட்டைப் பெண். “சுகமா இருக்கிறீங்களோ அக்கா?” என்று கேட்டதும்தான் எனக்கு ஆள் அடையாளம் தெரிந்தது.

ஜெர்மனிக்குப் போகக் காகிதம் வந்துவிட்டதாம். போகும் முன்னே என்னைப் பார்க்க வந்தாளாம். பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தக் கிழவர் இருக்கிறாரோ?”

“தவறிட்டாருங்க. மூணு வருஷமாச்சு.”

அவள் தலையை ஆட்டினாள். “நான் மன்னிக்கேல்லை அக்கா. முதல் நாளே கம்பிக்கு அங்கால நிண்டு சொன்னவர். ‘நான்தான்மா போலீசுகிட்ட உன்னையப் பத்திச் சொன்னது, என்னையத் திட்டு’ எண்டு. திட்டினன். ஒவ்வொரு சனியும் வந்து நிப்பார். ஒவ்வொரு சனியும் திட்டினன். ஒருநாள் மண்ணை அள்ளி எறிஞ்சனான். துடைக்கக்கூட இல்லை. குளிசையை வைச்சிட்டு, ‘இது நான் தந்ததில்ல, பூத்துக்கார அக்கா தந்தது, பிள்ளைக்குக் குடு’ எண்டு சொல்லிப்போட்டுப் போவார். நீங்கள் இல்லாட்டி என்ர பிள்ளை இல்லை.” மகள் பக்கம் திரும்பினாள். “அன்ரியைக் கும்பிடு.”

அந்தப் பெண் குனிந்தது. நான் காலை இழுத்துக்கொண்டேன். பெஞ்சு சுவரில் இடித்தது.

“அவர் சொல்லலீங்க” என்றேன். “போலீஸ்காரர் இங்கதான் வந்தாரு. நான்தான் சொன்னேன். மூணு, ஒண்ணு பெரிசு, ரெண்டு சின்னதுன்னு நான்தான் சொன்னேன். அவரு யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல.”

அவள் என் கையை விடவில்லை. விட மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். மகளின் தாவணி முந்தானையைச் சரி செய்தாள். படி இறங்கித் தெருவில் நாலு எட்டு போனவள், திரும்பி வாசலுக்கு வந்து நின்றாள்.

“அவரை எங்க புதைச்சது?”

“கல்லறைத் தோட்டத்துலங்க. இப்படியே போய்... இருங்க, பூத்தைச் சாத்திட்டு நானே கூட்டிட்டுப் போறேன்.”

“நீங்கள் வர வேண்டாம்” என்றாள். “வழியை மட்டும் சொல்லுங்கோ.”

சொன்னேன்.